தாடையில் ஒரு விரல்

வத்தேகம
14.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா உங்களையும் மடத்தில் எல்லாரையும் தன் நிழலில் வைத்துக்கொள்ளட்டும். ஜொனி சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மதர், இந்தக் கடிதத்தை அக்காவுக்கு முன் நீங்கள்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் என் வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜொனி சுகம் என்றுதான் எழுதினேன், நான் சுகம் என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? என் கழுத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நான் நேராகப் பார்க்க நினைத்தால் அது வலப்பக்கம் போகிறது. கையால் இழுத்து நேராக்கினாலும் மறுபடி போகிறது. ஆடிப் பிறந்தபோது லேசாகத்தான் இருந்தது. பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தேன், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கிற வெதமாத்தயாவிடம் போய்ப் பற்றுப் போட்டேன். கழுத்து மணத்ததுதான் மிச்சம், திரும்புவது நிற்கவில்லை.

நம் கோயிலில் இன்னும் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். புரிகிறதா? பூசை நேரம் முழுக்க நான் ஆண்கள் பக்கமே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். என் பார்வை போய் விழுகிற இடத்தில், மூன்றாவது வாங்கில், மனைவியை இழந்த சுவக்கின் அங்கிள் உட்கார்ந்திருக்கிறார். போன ஞாயிறு தலைக்கு மை பூசிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஜொனி என்று ஒரு புருஷன் இருக்கிற பெண்ணை இந்த அங்கிள் என்ன நினைத்தார் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது, வீட்டுக்கு வந்தால் அழுகை வருகிறது. வாசகம் வாசிக்கிற பெயர்களில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். பக்திசபைப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

எனக்கு என்ன ஆகிறது அக்கா? எதுவும் தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கச்சி
அனற்


மடம்
03.10.2024

என் அனற்,

சமாதானம் உன்னோடு. முழங்கால் நன்றாக இருக்கிறது, மறந்துவிடு. ஜொனிக்கு என் அன்பு.

முதலில் எண்ணெய் தேய்ப்பதை நிறுத்து. அழுத்திப் பிடித்துத் திருப்பவும் வேண்டாம், தசை இன்னும் இறுகும். நான் சொல்வதைக் கேள். நாவலப்பிட்டி வீட்டில் இருந்து நீ கொண்டுவந்த அம்மாவின் செபமாலை இருக்கிறதல்லவா? அதன் சிலுவையை இடது தாடையில் வை. காதுக்குக் கீழே எலும்பு வளைகிற இடத்துக்கு இரண்டு விரல் முன்னால். அழுத்தாதே, தொட்டால் போதும், அழுத்தினால் வேலை செய்யாது. தொட்டபடி அருள் நிறைந்த மரியே சொல். முடியும் முன்னே தலை நேராக நிற்கும்.

கோயிலில் பேசுகிறவர்கள் பேசட்டும். சுவக்கின் அங்கிளுக்கு அடுத்த முறை மை பூசும்போது காதில் ஒட்டாமல் பார்க்கச் சொல். நான் சொன்னதைச் செய்துவிட்டு எழுது. பலிக்கும். பலிக்காது என்ற பேச்சே இல்லை.

அக்கா
சிஸ்டர் தெரேசா


வத்தேகம
22.10.2024

அன்புள்ள அக்கா,

கும்பிடுகிறேன், உங்களையும் உங்கள் வாக்கையும். மடத்தில் மழை எப்படி? இங்கே பெய்து தள்ளுகிறது, துணி காயவில்லை.

பலித்தது. கண்ணாடி முன்னால் நின்று சிலுவையைத் தாடையில் வைத்தேன். அருள் நிறைந்த மரியேயில் "ஆண்டவர் உம்முடனே" வரைக்கும் கூடப் போகவில்லை, தலை வந்து நடுவில் நின்றுவிட்டது. நான் ஜொனியைக் கூப்பிட்டேன், அவர் சவரக் கத்தியோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் அழுதோம். ஞாயிறு கோயிலில் செபமாலையைத் தாடையில் பிடித்தபடி பீடத்தைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு தாயார் தன் மகனின் திக்குவாய்க்கு அம்மாவின் செபமாலையைத் தொடக் கேட்டார். இன்னொருவர் தன் வீட்டுப் பத்திரத்தை மாலையில் தொட்டு எடுத்துக்கொண்டு போனார். சுவக்கின் அங்கிள் மட்டும் சந்தோஷப்படவில்லை. தலையில் மை வெளுத்து வருகிறது, பூசவில்லை.

வாசகமும் திரும்பக் கிடைத்தது. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் மாலை.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். மாலையை எடுத்தால் தலை மறுபடி போகிறது. ஜொனி கேட்டார், "மாதா சுகமாக்குனா, கைய எடுத்ததும் ஏன் மறுபடி பிடுங்கிக்குறாங்க?" நான் அவரைத் திட்டினேன். பதிலை உங்களிடம்தான் கேட்கிறேன்.

உங்கள்
அனற்


மடம்
18.11.2024

என் அனற்,

நம்மைப் படைத்தவருக்கு நன்றி. மடத்தில் எல்லாரும் சுகம், மழையில் கோழிக்கூடு மட்டும் சரிந்துவிட்டது.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். இளம் சகோதரிகள் கைதட்டினார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஜொனியின் கேள்விக்கு அவசரப்படாதே. நோயை எடுத்துவிடுவதும் நோயோடு நிமிர்ந்து நிற்க வைப்பதும் வேறு வேறு. உனக்குக் கிடைத்தது இரண்டாவது. டொக்டர்களிடம் அலையத் தேவையில்லை. இது உயிரை எடுக்கிற வருத்தம் இல்லை. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கழுத்து இலேசாக இருக்கும், அப்போது வேலைகளை முடித்துக்கொள். களைத்தால் கூடும், நாலு பேர் பார்த்தால் இன்னும் கூடும். தூக்கத்தில் இருக்காது. சுவரில் பின்தலையைச் சாய்த்தால் ஆறும். இப்படியெல்லாம் பழகிக்கொள்ளலாம்.

திருவருகைக்காலம் தொடங்குகிறது. வழக்கம்போல் கிறிஸ்மஸ் வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. நீ எழுதினாலும் மதரின் மேசை இழுப்பறையில் இருக்கும். கவலைப்படாதே, நான் இருக்கிறேன்.

அக்கா
சிஸ்டர் தெரேசா


வத்தேகம
06.01.2025

அன்புள்ள அக்கா,

புது வருடம் உங்களுக்கு இலேசாகப் பிறந்திருக்கட்டும். மதருக்கும் வாழ்த்துகள். கேக் அனுப்பினேன், வந்து சேர்ந்ததா, இல்லை தபால்காரர் சாப்பிட்டாரா?

கோயிலில் நான் அற்புதம். பள்ளிக்கூடத்தில் நான் நடிகை.

வகுப்பில் ஒரு கையில் சோக், ஒரு கையில் மாலை பிடித்தால் கொப்பி திருத்த முடியாது. ஒருநாள் மாலையை மறந்துவிட்டுப் போனேன். சும்மா சோக்கைத் தாடையில் வைத்துப் பார்த்தேன். அக்கா, சோக்குக்கும் தலை நேராக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் என் தரம் மூன்று பிள்ளைகள் எல்லாரும் என்னைப்போலவே தாடையில் சோக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அதிபர் ராஜலிங்கம் ஜன்னலால் பார்த்துவிட்டார்.

நகரத்தில் ஒரு டொக்டரிடம் போகச் சொன்னார், போனேன். அவர் என்னைப் பார்த்தது ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். மன அழுத்தம் என்று ஒரு துண்டில் எழுதி ஒரு மாத்திரை தந்தார். அதைப் போட்டால் நின்றபடியே தூங்குகிறேன், தலை மட்டும் தூங்காமல் திரும்புகிறது. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ராஜலிங்கம் சேர் சொன்னது இதுதான்: "தொட்டா நேராகுதுன்னா அது வியாதி இல்ல டீச்சர். நீங்க நெனச்சா நிறுத்தலாம். நிறுத்த மாட்டேங்கிறீங்க."

முதலாம் தவணை முடிவதற்குள், இது என்ன என்று ஒரு நிபுணரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மனநிலை சரியில்லை என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி என்னை வகுப்பில் இருந்து எடுத்துவிடுவாராம். நான் படிப்பிக்கத் தெரியாதவள் என்றால் சரி. பைத்தியம் என்றால் விட மாட்டேன்.

ஜொனி பல்லேகல வேலைத்தளத்தில் லீவு எடுத்துப் போய் கண்டியில் நரம்பு கிளினிக்கில் திகதி வாங்கி வந்திருக்கிறார். நீங்கள் போக வேண்டாம் என்றீர்கள். நான் போகப் போகிறேன். கோபிக்காதீர்கள்.

உங்கள்
அனற்


மடம்
29.01.2025

என் அனற்,

சமாதானம். கேக் வந்தது, தபால்காரர் பாவம், அவரைச் சந்தேகப்படாதே.

போ. ஜொனியோடு போ. கேட்பதற்கு உண்மையைச் சொல். உன்னைப் பற்றிச் சொன்னால் போதும், மடத்துக் கதைகளை அங்கே இழுக்க வேண்டாம்.

இங்கே ஒரு செய்தி. மே மாதம் என் துறவறத்தின் வெள்ளிவிழா. அதற்குப் பிறகு, புதிதாகச் சேர்ந்திருக்கிற நவதுறவிகளுக்கு என்னைப் பொறுப்பாக வைக்க மதர் நினைக்கிறார். இப்போதே மூன்று பிள்ளைகளும் என் பின்னாலேயே வருகிறார்கள், என்னைப்போலவே நடக்கிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செபித்துக்கொள்.

அக்கா


வத்தேகம
22.02.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் காலடியைத் தொட்டுக்கொள்கிறேன். தவக்காலத்திலும் உங்களுக்குக் கடிதம் இல்லையே, அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வீட்டில் இருவரும் சுகம். இந்த முறை "இருவரும்" என்று தைரியமாக எழுதுகிறேன்.

டொக்டரின் பெயர் ஸுமைரா. என்னைவிட வயது குறைவு. தலையில் வெள்ளை முக்காடு, காலில் ஓட்டப் பந்தயச் சப்பாத்து. முதலில் என்னைத் தொடவே இல்லை. நான் கதவால் வந்து கதிரையில் உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதை கேட்டார். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, பிறந்தபோது அழுதேனா, விழுந்தேனா, வாந்திக்கோ மனதுக்கோ மாத்திரை போட்டேனா. சில மாத்திரைகளே இப்படிக் கழுத்தைத் திருப்பிவிடுமாம். எல்லாம் கழுத்து திரும்பிய பிறகு போட்டதுதான் என்று ஜொனி துண்டுகளைக் காட்டினார்.

அதற்குப் பிறகு என்னை நடக்கவிட்டார், எழுதவிட்டார், கையை நீட்டச் சொன்னார், நத்தைக்கூடு மாதிரி ஒரு கோடு வரையச் சொன்னார். பிறகு சொன்னார், "இப்ப தலய விடுங்க. அதுக்கு எங்க போகணுமோ அங்க போகட்டும்." இத்தனை மாதமாக எல்லாரும் நேராக்கு நேராக்கு என்றார்கள், விடு என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். விட்டேன். தலை வலப்பக்கம் போய் ஓரிடத்தில் நின்றது. நேராகப் பிடித்தால் வருகிற நடுக்கமும் நின்றது. அவர் கழுத்தில் விரல் வைத்து, எந்தத் தசை கயிறாக இறுகி இருக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

கண் டொக்டரிடம் அனுப்பினார்கள், கருவிழி ஓரத்தில் செம்புநிற வளையம் இருக்கிறதா என்று பார்க்க. உடம்பில் செம்பு சேர்ந்தாலும் இப்படி வருமாம், அது மருந்தால் மாறுகிற வருத்தம், ஆகவே தவறவிடக் கூடாதாம். வளையம் இல்லை. இரத்தமும் எடுத்தார்கள், தலையைப் படமும் எடுத்தார்கள். இவற்றில் எதுவும் என் வருத்தத்தின் பெயரைச் சொல்லாது, வேறு எது இல்லை என்றுதான் சொல்லும் என்றார். பெயரைச் சொல்வது பார்க்கிற கண்ணும் கேட்கிற காதும்தானாம்.

கடைசியில் கேட்டார், தலையை நேராக்க நீங்களே ஏதாவது செய்வீர்களா என்று. நான் வெட்கத்தோடு அம்மாவின் செபமாலையை எடுத்தேன். தாடையில் வைத்தேன், தலை வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது, அக்கா. மாலையை வாங்கி மரியாதையாக மேசையில் வைத்தார். தன் பேனையைத் தந்தார். தலை வந்தது. என் விரலை வைக்கச் சொன்னார். வந்தது. விரல் தாடையைத் தொடும் முன்னே, கையைத் தூக்கும்போதே வந்தது.

"இதப் பாத்துத்தான் ஒங்கள நடிக்கிறண்டு சொல்லியிருப்பாங்க," என்றார். "எனக்கு இதுதான் அத்தாட்சி. நடிக்கிறவங்களுக்கு இது தெரியாது."

டிஸ்டோனியா. மூளையில் இருந்து தசைக்குப் போகிற கட்டளை பிசகி, சில தசைகள் தாமாகவே இறுகுகிற வருத்தம். என்னுடையது கழுத்தில். பைத்தியம் இல்லை, நடிப்பு இல்லை. அற்புதமும் இல்லை. முதல் இரண்டைக் கேட்டபோது சிரித்தேன், மூன்றாவதைக் கேட்டபோது அழுதேன். அந்தச் சிலுவை எனக்குத் துணையாக இருந்தது உண்மைதானே. அதைப் பேனையால் செய்ய முடியும் என்று யாரும் எனக்குக் காட்டியிருக்க வேண்டாம்.

இப்போது முக்கியமானது. குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டார், இல்லை என்றேன். மாலையைப் பார்த்த பிறகு மறுபடி கேட்டார், "இத யாரு ஒங்களுக்குச் சொல்லித் தந்த?" அக்கா என்றேன். எப்படிச் சொன்னார் என்றார். உங்கள் முதல் கடிதம் கைப்பையில் இருந்தது, அந்த வரிகளை வாசித்தேன். இரண்டு விரல் முன்னால், தொட்டால் போதும், அழுத்தினால் வேலை செய்யாது.

அவர் பேனையை வைத்துவிட்டார். "இந்த இடத்த எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. வருத்தம் ஈக்கிறவங்கதான் தானாத் தேடிக் கண்டுபிடிக்கிற. ஒங்கட அக்காட கழுத்த நான் பாக்கணும்."

நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. டொக்டர் கேட்டதை எழுதியிருக்கிறேன்.

உங்கள்
அனற்


வத்தேகம
24.03.2025

அன்புள்ள அக்கா,

தவக்காலம் உங்களைச் சோர்வாக்காமல் இருக்கட்டும். இந்தக் கடிதம் மதரின் மேசை இழுப்பறையில் கிடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சாம்பல் புதனுக்கு முன் பதில் எழுத உங்களுக்கு நேரம் இருந்தது. நீங்கள் எழுதவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊசி போட்டாகிவிட்டது. தசையின் சத்தத்தைக் கேட்கிற ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். இறுகிய தசையில் ஊசி போனால் அடைமழை மாதிரி இரைகிறது, அங்கேதான் மருந்தை விடுகிறார்கள். முதல் கிழமை ஒன்றுமில்லை, விழுங்கக் கொஞ்சம் கஷ்டம். இரண்டாம் கிழமை ஒருநாள் சட்டி கழுவிக்கொண்டு இருந்தேன், ஜொனி "கைய எங்க வச்சிருக்க பாரு" என்றார். இரண்டு கையும் தண்ணீருக்குள். தலை நேராக இருந்தது. முழுச் சுகம் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆனாலும் இரண்டு கையோடு உலகத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டொக்டரின் கடிதத்தை ராஜலிங்கம் சேர் இரண்டு முறை வாசித்தார். தசை இயக்கக் கோளாறு, மனநோய் அல்ல, கற்பிக்கத் தடை இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் என் மேசையை வகுப்பின் இடப்பக்கம் போட வைத்தார், தலை திரும்பினாலும் பிள்ளைகளைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று. அவரால் முடிந்தது அது.

இப்போது மதருக்கு எழுதுகிறேன்.

மதர், நீங்கள்தான் இதை முதலில் படிக்கிறீர்கள். ஆறு மாதமாக இடையிடையே உங்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு இருந்தேன், இன்று நேராகப் பேசுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் உங்கள் சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப்பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு விரல் தாடையில். பேசி முடியும் வரை அந்த விரலை எடுக்கவில்லை. எவ்வளவு தாழ்மை என்று நான் வழியெல்லாம் ஜொனியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். காலையில் இலேசாக இருக்கும், ஆள் பார்த்தால் கூடும், சுவரில் சாய்ந்தால் ஆறும் என்று அவர் எனக்கு எழுதினார், இதில் எதையும் நான் அவருக்குச் சொல்லியிருக்கவே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

அக்கா பெரியவர். என்னை ஏவுவார், தன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அவர் எனக்குக் கோபிப்பார், கோபிக்கட்டும். தயவுசெய்து, அவரைக் கூப்பிட்டுத் தாடையில் இருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள்.

அனற்


மடம்
23.04.2025

என் அனற்,

உயிர்த்தவர் உன் வீட்டில் தங்கட்டும். ஜொனிக்கும் உனக்கும் பாஸ்கு வாழ்த்துகள். நான் சுகம் என்று எழுதுவதா வேண்டாமா என்று பேனையோடு வெகுநேரம் இருந்தேன். சுகமில்லை. பதினான்கு வருடமாகச் சுகமில்லை. இப்போது எழுதியாகிவிட்டது.

திங்கட்கிழமை மதர் கூப்பிட்டார். உன் கடிதம் மேசையில் இருந்தது. நான் வழக்கம்போல் தலை சாய்த்து, விரல் வைத்து நின்றேன்.

"கைய எடுங்க சிஸ்டர்," என்றார்.

எடுத்தேன். தலை போனது. போய்த் தோளில் முட்டி நின்றது, நடுங்கியது. யாரும் பார்க்க நான் அதை விட்டது அதுதான் முதல் தடவை. மதர் எழுந்து வந்து என் முகத்துக்கு எதிரே நிற்பதற்காகச் சுற்றி வலப்பக்கம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சொன்னார், "இவ்வளவு காலமா ஒங்க தலையக் காட்டித்தானே தாழ்மைன்னா என்னன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுதோமா சிரித்தோமா என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

தொடங்கிய காலத்தில் பயந்தேன். சொன்னால் வெளியே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், நோயாளி என்று திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள் எல்லாரும் பக்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்வது சுலபமாக இருந்தது. இரவில் வலி இருக்கும், பகலில் புகழ் இருக்கும்.

ஒன்றை நீ யோசித்தாயா? நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் திரும்புகிறோம். கோயிலில் உன் வலப்பக்கம் ஆண்கள் இருந்தார்கள், உன்னைப் பழித்தார்கள். இங்கே என் இருக்கைக்கு வலப்பக்கம் நற்கருணைப் பேழை இருக்கிறது, என்னைப் புகழ்ந்தார்கள். இருக்கை மாறிப் போட்டிருந்தால் என்னைப் பற்றியும் பேசியிருப்பார்கள். நீ பட்டதைப் படித்தபோதெல்லாம் இது என் நெஞ்சைக் குத்தியது.

செபமாலை விஷயம். விரலை வை என்று எழுதினால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மதர் கேட்டிருப்பார். அதனால் அம்மாவின் சிலுவையை எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அது, உனக்கு எப்படியாவது வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அது அற்புதம் இல்லை என்று உன் டொக்டர் சொன்னால் நம்புகிறேன். ஆனால் மாலையைப் பெட்டியில் போட்டுவிடாதே.

மூன்று பிள்ளைகளுக்கும் மதர் உண்மையைச் சொல்லிவிட்டார். தலையை நிமிர்த்தி நடக்கச் சொல்லியிருக்கிறார். அதில் ஒருத்திக்கு நிமிர்வது மறந்துபோய்விட்டது, சாப்பாட்டு அறையில் கதவில் இடித்துக்கொண்டாள். நவதுறவிகளின் பொறுப்பு எனக்கு இல்லை என்று நினைத்தேன். இப்போதுதான் தகுதி வந்திருக்கிறது என்கிறார் மதர், அவரோடு வாதாட முடியவில்லை.

எனக்கு வெளியே வர அனுமதி கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் கிளினிக் நாளுக்கு வருவேன், உன் வீட்டில் தங்குவேன். ஞாயிறு உன் கோயிலுக்கும் வருவேன். உன் பக்கத்தில் உட்காருகிறேன், விரல் வைக்க மாட்டேன். கன்னியாஸ்திரியும் ஆண்கள் பக்கம் பார்க்கிறார் என்று பேசட்டும்.

உனக்கு நான் எப்போதும் இதைச் செய், அதைச் செய் என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்று ஒன்று கேட்கிறேன், மதரிடம் கேட்க முடியாது. அந்த ஊசி வலிக்குமா?

உன் அக்கா
தெரேசா


வத்தேகம
30.04.2025

என் அக்கா,

நீங்கள் சுகமில்லை என்று எழுதிய முதல் கடிதம் இது. அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வலிக்கும். எறும்புக் கடி என்று நர்ஸ் சொல்வார், நம்பாதீர்கள். தாடைக்குக் கீழே போடுகிற ஒன்று நன்றாகவே வலிக்கும், பிறகு போய்விடும். டொக்டர் ஸுமைராவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார், பிறகு அது மரியாதை இல்லை என்று உட்கார்ந்தார். அப்பாவைப் பற்றியும் கேட்டார். அப்பா தாடையில் விரல் வைத்துக்கொண்டுதான் பேப்பர் படிப்பார் என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நானே நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா? வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கோயிலில் இரண்டாவது வாங்கில் உங்களுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுவக்கின் அங்கிள் செய்தி கேட்டு நடுங்கிப்போய்ப் பாடகர் குழுவுக்குப் பின்னால் இடம் மாறிவிட்டார். ஜொனி அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டு இருக்கிறார்.

ஊசி போடும்போது ஒரு கையை நான் பிடித்துக்கொள்கிறேன். மற்றக் கையில் அம்மாவின் மாலையை வைத்துக்கொள்ளுங்கள். தாடையில் வைக்கத் தேவையில்லை, சும்மா கையில்.

உங்கள் தங்கச்சி
அனற்